கஞ்சித் தொட்டியும் காணி நிலமும்

(ஆண்டிமடத்தில் ஆற்றிய உரை, ஏட்டுக்கென எழுத்து வடிவில்)

  

ஆண்டிகள் கூடி மடம் கட்டிய கதையை அறியாதார் தமிழகத்தில் இல்லை. இரவெல்லாம் பேசினார்களாம். தூண் எத்தனை, திண்ணை எத்தனை, செங்கல்லுக்கு எங்கே போவது, சுண்ணாம்புக்கு யாரைக் கேட்பது என்று திட்டம் தீட்டினார்களாம். பொழுது புலர்ந்ததும் ஆளுக்கொரு திசையாகத் திருவோட்டைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார்களாம். வறுமை ஒழிப்பைப் பற்றிப் பேச ஆண்டிமடத்தைவிடப் பொருத்தமான ஊர் உண்டா? நாட்டிலே நடைபெறும் வறுமை ஒழிப்பு மாநாடுகளிலே பல, அந்த ஆண்டிகளின் இரவுப் பேச்சாகத்தானே முடிகின்றன! ஒரேயொரு வேறுபாடு உண்டு. அந்த ஆண்டிகள் உண்மையிலேயே ஏழைகள்.

நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள் கிறித்துவர்களைப் பற்றியது. "பகுத்தறிவு பேச வந்தவன் பாதிரிமார் கதை பேசுவானேன்?" என்று சிலர் புருவத்தை நெறிப்பார்கள். நெறிக்கட்டும். நான் வேதம் விளக்க வரவில்லை. அதற்கு உரியவர்கள் இருக்கிறார்கள். ஒரே வேதத்தைப் படித்தவர்கள், ஒரே பலிபீடத்தின் முன் மண்டியிட்டவர்கள், ஏழையின் முன்னே வந்து நின்றதும் இரண்டாகப் பிரிந்து சண்டையிட்டார்களே, அந்தச் சண்டையைச் சொல்ல வந்திருக்கிறேன். அது நமக்கும் வேண்டிய சண்டை.

இந்த வட்டாரத்தை அறிந்தவர்களுக்கு என் பொருள் வியப்பளிக்காது. ஆண்டிமடத்தைச் சுற்றிலும் முந்திரிக் காடு; முந்திரிக் காட்டுக்கு மேலே தலைநீட்டும் கோபுரங்கள். வரதராசன்பேட்டை, தென்னூர், கூவத்தூர் என மாதா கோயில் மணியோசையிலே கண் விழிக்கும் ஊர்கள் பல. தென்மேற்கே கொள்ளிடக் கரையை நோக்கிப் போனால் ஏலாக்குறிச்சி. இத்தாலி நாட்டிலே பிறந்து, தமிழிலே தேம்பாவணி பாடி, சதுரகராதி தொகுத்த வீரமாமுனிவர் தங்கிய தலம். அங்கே அவர் எழுப்பிய கோயிலின் மாதாவுக்கு என்ன பெயர்? அடைக்கல அன்னை! எவ்வளவு அழகான தமிழ்ச் சொல், அடைக்கலம்! ஓடி வந்தவனுக்கு ஒதுங்க ஓர் இடம். பசித்து வந்தவனுக்கு ஒரு பிடி சோறு. அந்தச் சொல்லை நான் வணங்குகிறேன். வணங்கிவிட்டு ஒன்று கேட்கிறேன். அவன் ஓடி வந்தானே, அவனைத் துரத்தியது யார்?

சண்டை இந்தக் கேள்வியிலேதான் தொடங்குகிறது. நாடகக்காரனாகிய நான் அதை ஒரு காட்சியாக்கிக் காட்டுகிறேன். முழுக்க முழுக்கக் கற்பனை; எந்த ஊரிலும் எவரையும் தேடாதீர்கள்.

ஞாயிறு பூசை முடிந்திருக்கிறது. கோயில் வாசலிலே ஒரு பெரியவர், தோளிலே அரிசிப் பை. வாரந்தோறும் ஏழை வீடுகளுக்கு அரிசி சுமந்து செல்லும் சபையிலே உறுப்பினர். எதிரே அவருடைய தம்பி மகன்.

"பெரியப்பா, அந்த அம்மாளுக்கு எத்தனை ஆண்டாக அரிசி கொடுக்கிறீர்கள்?"

"பதினோராண்டாக, தம்பி. ஒரு வாரம்கூடத் தவறியதில்லை."

"பதினோராண்டாக அவர் ஏழையாகவே இருக்கிறாரே, அது ஏன் என்று ஒரு வாரமாவது கேட்டீர்களா?"

"கேட்டால் அரிசி விளைந்துவிடுமா?"

"முந்திரிக்கொட்டை உடைத்துக் கை வெந்து கருகிய கூலியை ஒழுங்காகக் கேட்டு வாங்கித் தந்திருந்தால், அரிசியை அவரே வாங்கியிருப்பார்."

"கூலியைக் கேட்டால் கொட்டை வியாபாரி கோபித்துக்கொள்வாரே, தம்பி! அவர்தானே இந்த அரிசியைக் கொடுக்கிறார்?"

இந்த இடத்திலே திரையை இறக்கினால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் நான் இறக்கப் போவதில்லை. அது அந்தப் பெரியவருக்குச் செய்கின்ற அநீதி. அவர் பையைக் கீழே வைத்துவிட்டுத் திருப்பிக் கேட்கிறார்: "சரி தம்பி, நீ நியாயம் கேட்டு வழக்காடு. வழக்கு வெல்லும் வரையிலே அந்த அம்மாள் எதைச் சாப்பிடுவார்?"

இளைஞனிடம் பதில் இல்லை. என்னிடமும் உடனடிப் பதில் இல்லை. பசித்துக் கிடப்பவனிடம் போய் நில உச்சவரம்புச் சட்டத்தைப் படித்துக் காட்டுபவன் புரட்சிக்காரன் அல்லன், பொறுமையைச் சோதிப்பவன். முதலிலே கஞ்சி. அதிலே எனக்கு ஐயமில்லை. கஞ்சியோடு நின்றுவிடலாமா என்பதிலேதான் வழக்கு.

கற்பனையை விட்டு வரலாற்றுக்கு வருவோம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சத்தைத் தாது வருடப் பஞ்சம் என்று பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மாண்டவர்கள் பல இலட்சம். நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியம் போதும் என்று கூலியைக் குறைத்துக் கணக்கெழுதிய வெள்ளை அதிகாரிகள் வாழ்ந்த காலம். ஊர்தோறும் கஞ்சித் தொட்டி. திருச்சபைகள் கஞ்சி ஊற்றின. ஏழைகள் சாரிசாரியாகச் சபைகளிலே வந்து சேர்ந்தனர். உடனே எழுந்தது சண்டை. "இவர்கள் ஏசுவுக்காக வந்தார்களா, சோற்றுக்காக வந்தார்களா?" என்று ஏளனம் செய்தவர்கள் வெளியிலே மட்டுமல்ல, சபைக்கு உள்ளேயும் இருந்தார்கள்.

அந்தக் காலத்திலே, அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த ஓங்கோலிலே, ஜான் கிளஃப் என்றோர் அமெரிக்கப் பாதிரியார் இருந்தார். அவர் கஞ்சித் தொட்டியோடு நிற்கவில்லை. பக்கிங்காம் கால்வாய் வெட்டும் வேலையிலே மூன்றரை மைல் தூரத்தைத் தாமே ஒப்பந்தம் எடுத்தார். பிற ஒப்பந்தக்காரர்கள் அடித்து விரட்டிய, கூலியை அமுக்கிய தாழ்த்தப்பட்ட மக்களை அழைத்து மண்வெட்டி கொடுத்தார், மரியாதை கொடுத்தார், கூலியைக் கையிலே எண்ணிக் கொடுத்தார். அதோடு இன்னொன்றும் செய்தார். அந்த வேலை நடந்த காலம் முழுதும் எவருக்கும் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்துவிட்டார்! "கூலிக்காக வந்தான் என்று நாளை எவனும் இந்த ஏழையைச் சொல்லக்கூடாது" என்ற எண்ணம். பஞ்சம் தணிந்தது, வேலை முடிந்தது, கொடுப்பதற்கு அவரிடம் காசு இல்லை. அப்போதும் மக்கள் வந்தார்கள். 1878 சூலை 3ஆம் நாள், ஒரே நாளிலே, 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். அவர்களுடைய மதம் மாறியதைப் பற்றி எனக்குக் கருத்து உண்டு. அது இன்றைய பொருளல்ல. கையேந்த வைக்காமல் கைக்கு வேலை கொடுத்தாரே, மனச்சாட்சியை அரிசியால் வாங்க மறுத்தாரே, அதைத்தான் எடுத்துக்காட்டுகிறேன்.

அடுத்த காட்சி செங்கற்பட்டு. ஸ்காத்லாந்து நாட்டின் ஒரே திருச்சபையிலிருந்து வந்தவர்கள் இருவர். ஒருவர் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் முதல்வர் வில்லியம் மில்லர். உயர்சாதிப் பிள்ளைகளுக்குக் கல்வி கொடுப்போம். அவர்கள் உள்ளம் மாறினால் சமுதாயம் தானே மாறும். மேலே ஊற்றினால் கீழே கசியும் என்பது அவர் வழி. கல்லூரிப் படிப்பை முடிக்காதவன் நான். ஆகவே மில்லர் பெருமானைக் குறைத்துப் பேசினால் பொறாமை என்பீர்கள். அறிஞர், ஆயிரமாயிரம் பேருக்கு அறிவுக் கண் திறந்தவர். ஆனால் மேலே ஊற்றியது மேலேயே தங்கிவிடவில்லையா?

மற்றவர் ஆடம் ஆண்ட்ரூ. அவர் கல்லூரி வாசலைத் தேடவில்லை, சேரி வாசலைத் தேடினார். அங்கே கண்டது என்ன? உழுதவனுக்கு உழக்கு நிலமில்லை. குடியிருந்த மனைகூட மிராசுதார் விரும்பும் வரைக்கும்தான். தரிசு நிலத்துக்கு மனுப் போட்டால் மிராசுதாருக்கே முன்னுரிமை. பள்ளிக்கூடம் போனாலோ, ஞாயிறு கோயிலுக்குப் போனாலோ, மறுநாள் குடிசையைக் காலி செய் என்ற மிரட்டல். அவர் கண்ட முடிவு: இவனுக்கு வேண்டியது பிரசங்கம் மட்டுமல்ல, பட்டா! அவரும், வெஸ்லியன் சபையைச் சேர்ந்த வில்லியம் கௌடியும் எழுதினார்கள், முறையிட்டார்கள். "ஆன்மாவைக் காக்க வந்தவர்களுக்கு ஆயக்கட்டு எதற்கு?" என்று கேட்ட பாதிரிமாரும் அன்று உண்டு. ஆண்ட்ரூ விடவில்லை.

செங்கற்பட்டுக் கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891இல் தாழ்த்தப்பட்டோர் நிலையைப் பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். 1892 செப்டம்பர் 30ஆம் நாள் அரசாணை பிறந்தது. தாழ்த்தப்பட்டோருக்கென நிலம் ஒதுக்கப்பட்டது. அதைத்தான் பஞ்சமி நிலம் என்கிறோம். மாகாணம் முழுவதும் சுமார் 12 இலட்சம் ஏக்கர் என்பது பலரும் சொல்லும் கணக்கு. பத்தாண்டுகளுக்கு விற்கக்கூடாது; பிறகு விற்றாலும் தாழ்த்தப்பட்டோருக்கே விற்க வேண்டும் என்பது நிபந்தனை.

அந்த நிலமெல்லாம் எங்கே? கேட்டார்கள், நூறாண்டு கழித்து, அதே செங்கற்பட்டு மாவட்டத்துக் கரணை என்ற சிற்றூரார். கேட்டதற்குக் கிடைத்தது நிலமல்ல, தோட்டா! 1994 அக்டோபர் 10ஆம் நாள் செங்கற்பட்டிலே நடந்த துப்பாக்கிச் சூட்டிலே ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிர் நீத்தனர். ஒருவர் பெயர் ஜான், மற்றவர் பெயர் ஏழுமலை. கஞ்சிக்காக நின்ற வரிசையிலே எவரும் அவர்களைச் சுட்டிருக்க மாட்டார்கள், தோழர்களே.

தஞ்சையிலே 1892இல் பிறந்த ஒரு கிறித்துவத் தமிழரை இந்த மேடையிலே நினைக்காமல் போனால் நன்றி கொன்றவனாவேன். ஜோசப் கொர்னேலியஸ் என்ற பெயரிலே இலண்டனிலே கணக்காயர் தொழில் பயின்று, அமெரிக்காவிலே கொலம்பியாப் பல்கலைக்கழகத்திலே பொருளியல் படித்துத் திரும்பி, ஜே.சி. குமரப்பாவாக மாறியவர். இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்று அரசாங்கத்தின் வரவு செலவுக் கணக்கையே புரட்டிப் பார்த்தவர். அவர் கண்டது: ஏழையின் வறுமை விதி எழுதியதல்ல, வரி எழுதியது! 1930இலே, உப்புக்காக நின்றவர்கள் தடியடி பட்டு விழுந்தபோது, "கிறித்துவர்களே, நீங்கள் ஏன் வாய் திறக்கவில்லை?" என்று பகிரங்கமாகக் கேட்டார். கல்கத்தாவிலே இருந்த தலைமைப் பேராயர் வெஸ்ட்காட்டோடு அவருக்கு எழுத்துப் போரே மூண்டது. ஒரு பக்கம் அங்கி அணிந்த ஆயர், அரசுக்கு ஆதரவாக. மறுபக்கம் கதர் அணிந்த கணக்காயர், அதே ஏசுவின் பெயரால் அரசுக்கு எதிராக. பின்னர்ச் சிறையிலே இருந்தபடியே ஏசுவின் போதனைகளைப் பற்றி நூல் எழுதினார். காந்தியார் அதற்கு முன்னுரை தந்தார். விடுதலைக்குப் பின் காங்கிரசுக் கட்சி அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை ஏற்று, நிலவுடைமைக்கு உச்சவரம்பு வேண்டும் என்று 1949இலே அறிக்கை தந்தவரும் அவரே. தமிழ்நாட்டிலே 1961இலே 30 தர ஏக்கர் என்று சட்டம் வந்து, 1970இலே அது 15 ஆகக் குறைந்தது என்றால், அந்தப் பாதையிலே கல் உடைத்தவர்களுள் ஒருவர் இந்தத் தஞ்சைக் கிறித்துவர். 1960 சனவரி 30இலே மறைந்தார். நம் கூட்டங்களிலே அவர் பெயர் ஒலிப்பதே இல்லை, இன்று ஒலிக்கட்டும்.

நல்ல சமாரியன் கதை உங்களுக்குத் தெரியும். வழியிலே கள்வர் அடித்துப் போட்டுவிட்டுப் போனவனை, அயலினத்தான் ஒருவன் எடுத்துக் காயத்துக்கு மருந்திட்டுச் சத்திரத்திலே சேர்த்த கதை. அமெரிக்கக் கறுப்பின மக்களின் தலைவர், தாமே ஒரு குருவான மார்ட்டின் லூதர் கிங், 1967இலே ஓர் ஆலயத்திலே பேசியபோது அந்தக் கதையை ஓரடி நகர்த்தி வைத்தார். சமாரியனாக இருப்பது தொடக்கம் மட்டுமே. போவோர் வருவோர் எல்லாம் அடிபடாதவாறு அந்தப் பாதையையே மாற்றியாக வேண்டும் என்பது அவர் கருத்து. ஓராண்டு தாண்டவில்லை, அதே தேதியிலே, 1968 ஏப்ரல் 4இலே, சுட்டுக் கொன்றார்கள். அன்று அவர் நின்றது எங்கே? மெம்பிஸ் நகரத்துக் குப்பை அள்ளும் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்குத் துணையாக!

ஏசு சபைத் துறவியர் உலகமெங்கும் பெரும் பள்ளிகளை நடத்துபவர்கள் என்பதை அறிவீர்கள். மெக்சிகோ நகரிலே செல்வர் வீட்டுப் பிள்ளைகள் படித்த தங்கள் புகழ்மிக்க பள்ளியை 1971இலே அவர்களே மூடினார்கள், ஏழைகளிடம் போவதற்காக! பாராட்டியவர்கள் உண்டு, பதறியவர்கள் பலர். 1975இலே அந்தச் சபையின் பொதுப் பேரவை, நம்பிக்கைக்குப் பணிசெய்வதும் நீதிக்காகப் போராடுவதும் பிரிக்க முடியாதவை என்று தீர்மானம் செய்தது. அதன்மேல் அந்தச் சபைக்குள்ளேயே ஆண்டுக்கணக்கில் வாதம் நடந்தது.

அந்தத் தீர்மானத்தை உயிரோடு கலந்தவர் ஒருவரை நம் பக்கத்து மாவட்டம் பெற்றெடுத்தது. திருச்சி மாவட்டம் விரகாலூரிலே 1937 ஏப்ரல் 26இலே பிறந்தவர் ஸ்டான் சுவாமி. சார்க்கண்டு சென்றார். பழங்குடி மக்களுக்கு அவர் மருந்துப் பெட்டி தூக்கிக்கொண்டு போயிருந்தால் மாலை போட்டிருப்பார்கள். அவர் தூக்கிச் சென்றது அரசியல் சட்டப் புத்தகம்! ஐந்தாம் அட்டவணை என்ன ஆயிற்று என்று கேட்டார். காட்டையும் சுரங்கத்தையும் யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள் என்று கேட்டார். விசாரணைக் கைதிகள் என்று ஆண்டுக்கணக்கிலே அடைக்கப்பட்டுக் கிடந்த பழங்குடி இளைஞர்களைக் கணக்கெடுத்து, உயர்நீதிமன்றத்துக்கே போனார். 2020 அக்டோபர் 8ஆம் நாள், 83 வயதிலே, சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தின்கீழ்க் கைது. நடுக்குவாத நோயினால் குவளையைக் கையிலே பிடிக்க முடியவில்லை. தண்ணீர் குடிக்க ஓர் உறிஞ்சு குழலுக்கு நீதிமன்றத்திலே மனு. குற்றச்சாட்டை மறுத்தார், விசாரணையே தொடங்கவில்லை. பிணை மனு நிலுவையிலே இருக்க, 2021 சூலை 5ஆம் நாள் மும்பை மருத்துவமனையிலே கண் மூடினார்.

இதுவரை கிறித்துவர்களின் பெருமையைச் சொன்னேன். குறையைச் சொல்லாவிட்டால் நான் முகத்துதி பாடியவனாவேன். வறுமைக்கு இந்த நாட்டிலே ஒரு வேர் உண்டு. அதன் பெயர் சாதி. அந்த வேர் பீடத்துக்கு அடியிலேயும் ஓடுகிறது. உளுந்தூர்ப்பேட்டைப் பக்கத்து எறையூர் நமக்குத் தொலைவிலே இல்லை. அங்கே தாழ்த்தப்பட்ட கிறித்துவர்கள், சமமாக நடத்தவில்லை, எங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டார்கள். 2008 மார்ச் 9இலே கலவரம்; வீடுகள் தாக்கப்பட்டன; துப்பாக்கிச் சூட்டிலே இருவர் பலி. தாக்கியவர்களும் கிறித்துவர், தாக்கப்பட்டவர்களும் கிறித்துவர். ஒரே மாதாவின் பிள்ளைகள்! இந்தச் சுவரை இடிக்காமல் சேரிக்கு எத்தனை மூட்டை அரிசி அனுப்பினாலும் என்ன பயன்?

"கிறித்துவத்திலே சாதி கிடையாது, ஆகவே சாதியின் பெயரால் சலுகை கேட்பது தகாது" என்று வாதாடும் கிறித்துவர்கள் இன்றும் உண்டு. கேட்க இனிக்கும் வாதம்! கல்லறையிலே தனியிடம், கணக்கிலே மட்டும் ஒரே இனமா? 1950இலே குடியரசுத் தலைவர் ஆணை வந்தது. இந்துவாக இருந்தால்தான் பட்டியலினத்தவர் என்றது. 1956இலே சீக்கியருக்குத் திறந்தது கதவு. 1990இலே பௌத்தருக்குத் திறந்தது. கிறித்துவராக மாறிய தாழ்த்தப்பட்டவருக்குத் திறக்கவில்லை. தனித் தொகுதியிலே நிற்க முடியாது. மத்திய அரசு வேலையிலே பட்டியலின ஒதுக்கீடு கிடையாது. தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரல் 19இலே அந்தக் கதவைத் திறக்கச் சொல்லித் தீர்மானம் நிறைவேற்றியது. கோயிலுக்குப் போகாதவனும் சேர்ந்து தட்ட வேண்டிய கதவு அது.

இனி, நமது வீட்டுக்கு வருவோம். கோபிக்காதீர்கள். தலைவர் பிறந்தநாள் வந்தால் நாம் என்ன செய்கிறோம்? ஐந்து கிலோ அரிசி, ஒரு வேட்டி, ஒரு சேலை. வாங்குகிறவர் தலை குனிய, கொடுக்கிறவர் தலை நிமிர, ஒரு படம். மறுநாள் ஏட்டிலே அந்தப் படம் வெளிவரவில்லையென்றால் மாவட்டத்துக்கே தொலைபேசி அலறுகிறது! வாரந்தோறும் பை சுமக்கிற அந்தப் பெரியவராவது படம் எடுத்துக்கொள்வதில்லை. அரிசி கொடுங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் அரிசி வாங்கிய அம்மாளின் பெயர் ஊரக வேலை உறுதித் திட்ட அட்டையிலே இருக்கிறதா, கூலி நிலுவையின்றிக் கையிலே வந்ததா, குடியிருக்கும் மனை அவர் பெயரிலே இருக்கிறதா என்று கேட்டுக் குறித்துக்கொண்டு வந்த தோழர் எத்தனை பேர்?

ஆகவே ஒரு வேலை தருகிறேன். ஆண்டிமடம் வட்டாட்சியர் அலுவலகத்திலே கிராமந்தோறும் அ-பதிவேடு இருக்கிறது. 1892 அரசாணைக்குப் பிறகு தாழ்த்தப்பட்டோருக்கென ஒதுக்கிய நிலம் இந்த வட்டத்திலே உண்டா, உண்டென்றால் எந்தப் புல எண், எத்தனை ஏக்கர், இன்று யார் பெயரிலே நிற்கிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுதிக் கேளுங்கள். ஒவ்வொரு கிராமத்துக்கும் தனித்தனி விண்ணப்பமாக இருக்கட்டும். எழுதத் தெரியாத தோழர்கள் கோயில் வாசலிலே அந்த இளைஞனைப் போன்ற ஒருவன் நிற்பான், அவனிடம் போங்கள். பெரியவரையும் கூட அழைத்துச் செல்லுங்கள், எந்த வீட்டில் எத்தனை வயிறு என்பது அவருக்குத்தான் தெரியும். கட்டணம் பத்து ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். முப்பது நாளிலே பதில் தந்தாக வேண்டும். பதில் வந்ததும் எனக்கு அனுப்புங்கள். அடுத்த கூட்டத்திலே அந்தப் புல எண்களை இதே திடலில் நின்று படிக்கிறேன்.